பருவும் உணவும்: எதனோடு ஒப்பிட்டார்கள்?

முகப்பருவையும் உணவையும் இணைத்துப் பேசும் மருத்துவ இலக்கியத்தை ஒருசேர வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: தீர்ப்புகள் ஏராளம், நல்ல சோதனைகள் சொற்பம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தோல் மருத்துவர்கள் சாக்லேட், இனிப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் விலக்கச் சொன்னார்கள். அதற்குச் சான்றாக அவர்களிடம் இருந்தது பெரும்பாலும் மருத்துவமனை அனுபவம்தான். 1970-க்குப் பிறகு அதே துறை எதிர்த்திசையில் திரும்பி, உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று மாணவர்களுக்குக் கற்பித்தது. 2002-இல் இன்னொரு திருப்பம். இன்றைய மருத்துவர் மாவுச்சத்தையும் பாலையும் பற்றிக் கேட்காமல் நோயாளியை அனுப்புவது அரிது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் இரண்டு மூன்று ஆய்வுகளே நிற்கின்றன. அவற்றை ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்பதே இங்கு நோக்கம்.

அந்த அளவுகோல் ஒப்பீடு. எதனை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது எந்த மருத்துவ ஆய்விலும் முதன்மையான கேள்விதான். பருவைப் பொறுத்தவரை அது இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. முதல் காரணம் நோயின் இயல்பு. பரு தானாகவே கூடும், தானாகவே குறையும். ஆய்வில் சேர்ந்தவர் முகத்தைக் கூடுதலாகக் கவனித்துக்கொள்வார். பரு மோசமாக இருக்கும் நேரத்தில்தான் ஒருவர் ஆய்வுக்கே வருகிறார் என்பதால், எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் கொஞ்சம் குறைந்திருக்கும். இரண்டாம் காரணம் உணவின் இயல்பு. மருந்துக்கு எதிராக வெறும் மாத்திரையைக் கொடுத்துவிடலாம். வெறும் உணவு என்று ஒன்று கிடையாது. தட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்தே தீரும். எனவே உணவு ஆய்வு ஒவ்வொன்றும் உண்மையில் இரண்டு உணவுகளின் ஆய்வு. இந்த எளிய உண்மையை மறந்த இடங்களிலெல்லாம் இத்துறை வழுக்கியிருக்கிறது.

முதல் வழுக்கல் 1969-இல். ஜேம்ஸ் ஃபுல்டன், கெர்ட் ப்ளெவிக், ஆல்பர்ட் கிளிக்மன் மூவரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட சாக்லேட் ஆய்வு அது. 65 பேர், அவர்களில் 30 பேர் பரு சிகிச்சைக்கு வந்த வளரிளம் பருவத்தினர், 35 பேர் சிறைக் கைதிகளான இளைஞர்கள். ஒவ்வொருவரும் நான்கு வாரம் தினமும் ஒரு கட்டி சாக்லேட் தின்றார்கள். அதில் வழக்கமான சாக்லேட்டைவிடப் பத்து மடங்கு சாக்லேட் இருந்தது. மூன்று வார இடைவெளிக்குப் பின் நான்கு வாரம் சாக்லேட் இல்லாத, தோற்றத்தில் அதைப் போன்ற கட்டி. முடிவு: 46 பேருக்கு மாற்றமில்லை, 10 பேருக்குக் குறைந்தது, 9 பேருக்குக் கூடியது.

இதன் தகுதிகளை மறைக்கக் கூடாது. ஒரே ஆளையே இரு கட்டங்களிலும் வைத்து ஒப்பிட்டது அக்காலத்துக்குச் சிறந்த வடிவமைப்பு. அளவைப் பத்து மடங்காக்கியது துணிச்சலான உத்தி. விளைவு ஏதேனும் இருந்தால் அது ஒளிந்துகொள்ள இடம் தராத உத்தி. ஊகத்தால் பேசிவந்த துறையில் எண்ணிப் பார்த்தவர்கள் இவர்கள். ஆனால் ஒப்பீட்டுக் கட்டியைத் திறந்து பார்த்தால் எல்லாம் மாறிவிடுகிறது. சாக்லேட் இல்லாத அந்தக் கட்டியிலும் சர்க்கரை ஏறக்குறைய அதே அளவு. கோகோ வெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, அதுவும் ஏறக்குறைய அதே அளவு. அதாவது சர்க்கரையும் கொழுப்பும் இரு பக்கமும் சமன். இந்த ஆய்வு சோதித்தது கோகோ என்ற ஒரே ஒரு கூறை மட்டும். சர்க்கரை பருவைத் தூண்டுமானால், இரு கட்டங்களிலும் ஒரே மாதிரி தூண்டியிருக்கும், வித்தியாசம் தெரிந்திருக்காது. கடையில் வாங்கித் தின்னும் சாக்லேட்டைப் பற்றி இந்த ஆய்வு எதையும் நிறுவவில்லை. உணவு முழுவதையும் பற்றி நிறுவியது அதைவிடக் குறைவு. அதன் பெயரால் பாடநூல்கள் நிறுவியதோ உணவுக்குப் பங்கே இல்லை என்பதை.

வேறு குறைகளும் உண்டு. பரு கண்ணுக்குத் தெரியும் முன் பல வாரங்கள் தோலுக்கடியில் உருவாகிறது. நான்கு வாரக் கட்டம் அதற்குக் குறுகியது. எண்ணிக்கை 30 சதவீதம் மாறினால்தான் மாற்றம் என்று வைத்ததால் சிறிய விளைவுகள் கணக்கிலிருந்தே நழுவின. ஆய்வுக்கு உதவியது அமெரிக்கச் சாக்லேட் உற்பத்தியாளர் சங்கம். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆய்வைத் தள்ளுவோர் பலர். அது சோம்பலான திறனாய்வு. பணம் எங்கிருந்து வந்தது என்பது சந்தேகத்துக்குக் காரணம். ஆய்வின் தோல்விக்குக் காரணம் அந்த ஒப்பீட்டுக் கட்டி. பணம் தூய்மையான கைகளிலிருந்து வந்திருந்தாலும் இதே தோல்விதான். கைதிகள்மீது சோதனை நடத்தியது தனிக் குற்றம். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கிளிக்மன் ஆண்டுக்கணக்கில் நடத்திய தோல் சோதனைகள் மருத்துவ அறத்தின் இருண்ட அத்தியாயங்களில் ஒன்று. அதையும் இந்த ஆய்வின் தருக்கப் பிழையையும் ஒன்றாகக் குழப்பாமல் இரண்டையும் தனித்தனியே கண்டிக்க வேண்டும்.

இவ்வளவு பலவீனமான கூற்று இவ்வளவு காலம் ஏன் நின்றது? ஆசிரியர்களின் செல்வாக்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதே மூவர் அதே 1969-இல் ட்ரெட்டினாய்ன் என்ற வைட்டமின் ஏ அமிலத்தைப் பருவுக்குத் தடவும் மருந்தாக அறிமுகம் செய்த கட்டுரையையும் எழுதினார்கள். அந்த மருந்து இன்றுவரை சிகிச்சையின் தூண்களில் ஒன்று. அதன் பெருமை சாக்லேட் கட்டுரைக்கும் கடனாகக் கிடைத்தது. 1971-இல் மிசௌரியில் வெளிவந்த இன்னோர் ஆய்வு துணைக்கு வந்தது: 27 மாணவர்கள் ஒரு வாரம் சாக்லேட், பால், வறுத்த நிலக்கடலை, கோலா என்று தின்றார்கள், பரு பெருகவில்லை. அங்கே ஒப்பீட்டுக் குழுவே இல்லை. ஒரு வாரத்தில் பரு பெருகாததைக் கொண்டு எதையும் மறுக்க முடியாது. இந்த இரண்டின்மேல்தான் ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பாடம் கட்டப்பட்டிருந்தது.

2002-இல் லோரன் கார்டெயினும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை இந்தப் பாடத்தைக் கலைத்தது. பப்புவா நியூகினியின் கிடாவா தீவில் ஸ்வீடிஷ் மருத்துவர் ஸ்டஃபான் லிண்டெபெர்க் 1990-இல் ஏழு வாரம் தங்கி 1200 பேரைப் பரிசோதித்தார். அவர்களில் 300 பேர் 15 முதல் 25 வயதினர். ஒருவர் முகத்திலும் பரு இல்லை. பராகுவேயின் ஆச்சே வேட்டைச் சமூகத்தில் 115 பேரை 843 நாட்கள் கவனித்ததிலும் இல்லை. மேற்கத்திய நாடுகளில் வளரிளம் பருவத்தினரில் மிகப் பெரும்பான்மையினர் ஏதோ ஒரு கட்டத்தில் பருவைப் பார்க்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்தச் சுழியம் அதிரவைக்கும் எண்.

அதிர்ச்சி சான்றாகிவிடாது. கிடாவா மக்களுக்கும் ஸ்டாக்ஹோம் மக்களுக்கும் இடையே உணவு மட்டுமா வேறுபடுகிறது? மரபணு, வெயில், உடலுழைப்பு, வேலை, உறக்கம் எல்லாம் வேறு. இந்தக் கட்டுரையில் ஒப்பீட்டுக் குழு முழு மேற்குலகம். அவ்வளவு பெரிய ஒப்பீடு ஒப்பீடே அல்ல. இருந்தாலும் இக்கட்டுரையின் சாதனை வேறிடத்தில் இருக்கிறது: பரு மனித வளர்ச்சியில் தவிர்க்கவே முடியாத கட்டம் என்ற எண்ணத்தை அது உடைத்தது. பரு இல்லாத சமூகம் சாத்தியம் என்று காட்டியபின், காரணம் என்ன என்ற கேள்வி உயிர் பெற்றது. கருதுகோளைப் பிறப்பித்தது என்ற அளவில் இந்தக் கட்டுரைக்கு முழு மதிப்பெண். கருதுகோளை நிறுவியது என்ற அளவில் ஒன்றுமில்லை. அதைப் படித்தவர்களில் பலர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கருதுகோள் இது. இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு இன்சுலினை ஏற்றுகிறது, இன்சுலின் ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியின் செயலை ஏற்றுகிறது. இரண்டும் ஆண்மை ஹார்மோன்களைத் தூண்டி எண்ணெய்ச் சுரப்பிகளை வளர்த்து, மயிர்க்கால் வாயை அடைக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று உண்டு. பிறவியிலேயே ஐ.ஜி.எஃப்.-1 சுரக்காத லாரன் நோய்க்குறி உள்ளவர்களுக்குப் பரு அரிது. அவர்களுக்கு அந்தக் காரணியை மருந்தாகக் கொடுத்தபோது சிலருக்குப் பரு வந்தது. சினைப்பை நீர்க்கட்டி நோயில் இன்சுலின் எதிர்ப்பும் பருவும் சேர்ந்தே காணப்படுவதும் இதே திசையைக் காட்டுகிறது. ஓஸ்னாப்ரூக்கின் போடோ மெல்னிக் இந்தக் கண்ணிகளை ஒரே கோட்பாடாகக் கோத்தவர். கோட்பாடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் உயிர்வேதியியல் பொருத்தம் எத்தனையோ தவறான மருத்துவக் கோட்பாடுகளுக்கும் இருந்தது. தீர்ப்பு மனிதர்மேல் நடத்திய சோதனையில்தான்.

அந்தச் சோதனையை முறையாக நடத்தியது மெல்பர்ன் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ராபின் ஸ்மித், நீல் மான் குழு. 2007-இல் வெளிவந்தது. 15 முதல் 25 வயது வரையிலான 43 ஆண்கள், 12 வாரம். ஒரு குழுவுக்கு ஆற்றலில் 25 சதவீதம் புரதம், 45 சதவீதம் குறைந்த கிளைசெமிக் குறியீடு உள்ள, அதாவது இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும், மாவுச்சத்து. மற்றக் குழுவுக்கு அவர்கள் வழக்கமாக உண்ணும் மாவுச்சத்து நிறைந்த உணவு. கிளைசெமிக் குறியீடு பற்றி அவர்களிடம் பேசப்படவில்லை. பருக்களை எண்ணிய தோல் மருத்துவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. முதல் குழுவில் பரு எண்ணிக்கை சராசரியாக 23.5 குறைந்தது, மற்றக் குழுவில் 12.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். உணவில் எந்த மாற்றமும் செய்யாதவர்களுக்கும் 12 பரு குறைந்தது! ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருந்தால் 23.5 முழுவதும் உணவின் வெற்றியாகப் பறைசாற்றப்பட்டிருக்கும். உண்மையான பங்கு அதில் பாதிக்குச் சற்றே குறைவு. உணவை மாற்றினேன், முகம் தெளிந்தது என்று சொல்லும் ஒவ்வொரு தனி அனுபவத்துக்கும் இந்த 12 பதில் சொல்லிவிடுகிறது. இத்துறையில் நான் படித்தவற்றில் மிகவும் பயன்தரும் எண் இதுதான்.

ஆய்வின் குறையும் ஒப்பீட்டில்தான். இரு குழுக்களுக்கும் இடையே கிளைசெமிக் சுமை (குறியீட்டோடு மாவுச்சத்தின் அளவையும் சேர்த்த கணக்கு) மட்டும் மாறவில்லை. புரதம் கூடியது, மாவுச்சத்தின் அளவே குறைந்தது. அதோடு முதல் குழு 2.9 கிலோ எடை இழந்தது, மற்றக் குழு அரைக் கிலோ கூடியது. எடை குறைந்தாலே இன்சுலின் குறையும். எடை மாற்றத்தைக் கணக்கில் சேர்த்தபோது உணவின் விளைவு புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தது. இதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. எடைக் குறைவின் பங்கை விலக்க முடியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மையும் ஆய்வின் தகுதிதான். இன்னொரு முரணும் உண்டு. கருதுகோள் பிறந்த கிடாவாவில் ஆற்றலில் சுமார் 69 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 10 சதவீதம்தான். வள்ளி, சேம்பு, மரவள்ளி, தேங்காய், மீன், பழம். மெல்பர்னில் கொடுத்ததோ புரதம் மிகுந்த உணவு. கிடாவா மக்களைப் பார்த்துப் பிறந்த எண்ணத்தைக் கிடாவா மக்களின் உணவுக்குத் தொடர்பில்லாத தட்டில் சோதித்தார்கள். மாவுச்சத்தின் தரம் முக்கியமா, அளவு முக்கியமா என்ற கேள்வி அதனால் தீராமலே நின்றது.

அந்தக் கேள்வியைத் தனியே பிரித்தெடுக்க முயன்றது சிட்னி. 2010-இல் ஜென்னி பிராண்ட்-மில்லர் குழு 58 பள்ளி மாணவர்களை மாற்றி மாற்றி இரு குழுக்களாக்கி எட்டு வாரம் வைத்துப் பார்த்தது. இங்கே புரதமும் நார்ச்சத்தும் இரு பக்கமும் சமம். கிளைசெமிக் குறியீடு மட்டும் வேறு. கருத்தளவில் மெல்பர்னைவிடத் தூய்மையான ஒப்பீடு. முடிவில் இரு குழுவிலும் பரு குறைந்தது; ஒன்றில் 26 சதவீதம், மற்றதில் 16; வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவம் பெறவில்லை. ஆனால் சராசரிக் குறியீடு ஒரு பக்கம் 51, மறுபக்கம் 61. இந்தச் சிறிய இடைவெளியில் சிறிய விளைவுதான் எதிர்பார்க்க முடியும். அதைக் கண்டறிய 43 பேர் போதாது. ஆய்வை முடித்தவர்கள் அவ்வளவு பேரே. ஆக மெல்பர்னில் ஒப்பீடு கலங்கியிருந்தது, விளைவு பெரிது. சிட்னியில் ஒப்பீடு தெளிவு, இடைவெளி சிறிது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பிராண்ட்-மில்லர் 2002 கிடாவா கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். தான் முன்வைத்த கருதுகோளுக்குச் சாதகமில்லாத முடிவைத் தானே வெளியிடுவது இத்துறையில் அரிய நடத்தை. அதற்கு என் வணக்கம்.

2012-இல் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு 32 பேரை வைத்து 10 வாரம் நடந்தது. அதன் தனிச்சிறப்பு தோலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தது: குறைந்த கிளைசெமிக் சுமைக் குழுவில் எண்ணெய்ச் சுரப்பிகள் சிறுத்திருந்தன, அழற்சிக் குறியீடுகளும் தணிந்திருந்தன. எண்ணிக்கைக்கு அப்பால் உடற்கூறு அளவில் மாற்றம் காட்டியது இது. ஆள் எண்ணிக்கையின் சிறுமையை மட்டும் குறையாகச் சொல்லலாம்.

பாலின் வழக்கு வேறு வகை. இங்கே ஆள் பலம் மிகப் பெரிது, ஒப்பீடு மிகப் பலவீனம். 2005-இல் ஹார்வர்டு குழு 47,355 செவிலியரின் தகவலை ஆராய்ந்து, பள்ளிக் காலத்தில் பால் அதிகம் குடித்தவர்களுக்குக் கடும் பரு சற்றே அதிகம் என்றது. ஆடை நீக்கிய பாலுக்குத் தொடர்பு இன்னும் வலு. ஆனால் அந்தப் பெண்கள் முப்பது, நாற்பது வயதுகளில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் எவ்வளவு பால் குடித்தோம் என்று நினைவிலிருந்து எழுதினார்கள். நினைவு என்பது அளவுக் கருவி அல்ல. பின்பு 9 முதல் 15 வயதுச் சிறுமிகள் 6,094 பேரையும், சிறுவர்கள் 4,273 பேரையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இந்தக் குறையைப் பெரிதும் களைந்தன. தொடர்பு மெலிந்தது, மறையவில்லை. 2018-இல் 14 ஆய்வுகளை, 78,529 பேரைச் சேர்த்துத் தொகுத்தபோது பால் குடிப்போருக்குப் பருவின் வாய்ப்பு விகிதம் 1.28, ஆடை நீக்கிய பாலுக்கு 1.32.

ஆடை நீக்கிய பாலுக்கு அதிகம் என்ற இந்த விவரத்தை இரு விதமாகப் படிக்கலாம். கொழுப்பு குற்றவாளி அல்ல, பாலின் புரதமே காரணம் என்று படிப்பவர்கள் உண்டு. பாற்புரதம் இன்சுலினைத் தூண்டுவது உண்மைதான். ஆனால் முகத்தில் பரு வந்து கொழுப்பைக் குறைக்க நினைப்பவரே ஆடை நீக்கிய பாலுக்கு மாறுகிறார் என்றும் படிக்கலாம். அப்படியானால் பருவே காரணம், பால் விளைவு. கூர்நோக்கு ஆய்வால் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. டென்மார்க்கில் 20,416 பேரின் மரபணுவை வைத்து ஒரு குழு புத்திசாலித்தனமான வழி தேடியது: பாலைச் செரிக்கும் மரபணு உள்ளவர்கள் பிறவியிலிருந்தே பால் அதிகம் குடிப்பார்கள், அவர்களுக்குப் பரு அதிகமா? தெளிவான தொடர்பு தெரியவில்லை. பாலை நிறுத்தி, அதற்குப் பதிலாக இன்னதைக் கொடுத்து, குலுக்கல் முறையில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றுகூட இந்த வழக்கில் முன்வைக்கப்படவில்லை. இவ்வளவு ஆயிரம் பேரைச் சேர்த்தவர்கள் ஒரு நூறு பேருக்குப் பாலை நிறுத்திப் பார்க்காதது இத்துறையின் மிகப் பெரிய முறையியல் குறை.

உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும், பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடியும் இந்த வழக்கில் சேரும். அதை உண்டபோது பரு வெடித்து, நிறுத்தியபோது தணிந்த இளைஞர்களைப் பற்றிய சிறு குறிப்புகள் பல வந்துள்ளன. சான்று தாழ்ந்த தரம்தான். ஆனால் நிறுத்திப் பார்ப்பதில் இழப்பு எதுவுமில்லை என்பதால் இங்கே தாழ்ந்த சான்றும் போதும். வைட்டமின் பி-12 ஊசிக்குப் பின் வரும் பருவும் அப்படியே. அதன் வழிமுறையை 2015-இல் நுண்ணுயிர் அளவில் காட்டியிருக்கிறார்கள். ஒமேகா-3 பற்றி 45 பேரை வைத்த கொரிய ஆய்வு ஒன்று நம்பிக்கை தருகிறது. மீன் எண்ணெய் மாத்திரை விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு அல்ல.

சாக்லேட்டுக்குத் திரும்பினால், 1969-இன் விடுதலை செல்லாது என்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. அண்மை ஆய்வுகள் குற்றத்தை நிறுவ முயன்று, தங்கள் பங்குக்கு ஒப்பீட்டில் தடுமாறுகின்றன. தாய்லாந்தில் 25 பேர் தினமும் 25 கிராம் கரும் சாக்லேட் நான்கு வாரம் உண்டார்கள், பரு கூடியது. ஒப்பீட்டுக் குழு இல்லை. அமெரிக்காவில் 14 பேருக்கு இனிப்பில்லாத கோகோவைக் குளிகையில் அடைத்துக் கொடுத்தார்கள். அந்த மறைப்பு நல்ல உத்தி, ஆனால் 14 பேர்! 2016-இல் 54 கல்லூரி மாணவர்களுக்குச் சாக்லேட்டும் அதே கிளைசெமிக் சுமையுள்ள ஜெல்லி மிட்டாயும் மாற்றிக் கொடுத்து எண்ணியதில், சாக்லேட்டுக்குப் பின் 4.8 பரு கூடியது, மிட்டாய்க்குப் பின் 0.7 குறைந்தது. 1969 ஆய்வின் பிழையை நேராக எதிர்கொண்ட வடிவமைப்பு இது. சர்க்கரையைச் சமன் செய்துவிட்டு, சமன் செய்ததைச் சொல்லியும்விட்டது. ஆனால் 48 மணி நேரத்தில் எண்ணியதும், எதைத் தின்றோம் என்று மாணவர்களுக்குத் தெரிந்திருந்ததும் அதன் பலத்தை அரிக்கின்றன.

வழிகாட்டு நெறிகளின் நிலையையும் எடைபோட வேண்டும். ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு குறைந்த கிளைசெமிக் சுமை உணவுக்குத் தரம் தாழ்ந்த சான்று உண்டு என்று மட்டும் ஏற்றது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2021-இல் குறிப்பிட்ட உணவு எதையும் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்றது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024-இல் கிளைசெமிக் சுமை, பால், வே, ஒமேகா-3, சாக்லேட் எல்லாவற்றையும் ஒரே வரியில் வைத்து, பரிந்துரை செய்யச் சான்று போதாது என்று முடித்தது. அடக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரே வரியில் வைத்தது பிழை. கிளைசெமிக் சுமைக்குக் குலுக்கல் ஆய்வுகளும் வழிமுறையும் திசுச் சான்றும் உண்டு; பாலுக்குக் கூர்நோக்கு மட்டும்; சாக்லேட்டுக்குச் சிறு சோதனைகளின் சிதறல். மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் கொடுப்பது நடுநிலை போலத் தெரியும். உண்மையில் அது பகுத்தறியும் கடமையைத் தவிர்ப்பது.

நம் வீடுகளில் இந்த வழக்கு வேறு மாதிரி நடக்கிறது. பிள்ளைக்குப் பரு வந்தால் அம்மாவும் பாட்டியும் முதலில் நிறுத்துவது எண்ணெய்ப் பலகாரம், அடுத்து நிலக்கடலை, பிறகு உடம்புச் சூட்டை ஏற்றும் என்று நம்பும் உணவுகள். வாயில் போன எண்ணெய் அப்படியே முகத்தில் வழிவதில்லை. தோலின் எண்ணெயைச் சுரப்பியே தயாரிக்கிறது. வடையும் பஜ்ஜியும் தினமும் வேண்டாம் என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. பருவைக் காரணம் காட்ட இன்றைய சான்று வலுவாக இல்லை. கவலைப்பட வேண்டிய இடம் பலகாரத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. சென்னையின் பெரிய மக்கள்தொகை ஆய்வுகளில் ஆற்றலின் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து; அதன் குறியீடு 70-க்கு மேல்; கிளைசெமிக் சுமை 30-ஐ நெருங்கும். 20-ஐத் தாண்டினாலே அதிகம் என்பது வழக்கமான கணக்கு. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று வாழும் பதினாறு வயதுப் பையனின் தட்டில், மெல்பர்ன் குழு குறைக்கச் சொன்ன அதே பொருள் மூன்று வேளையும் இருக்கிறது. சிறுதானியத்துக்கு மாறினால் தீர்ந்தது என்பதும் அவசர முடிவு: மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது கேழ்வரகின் குறியீடும் ஏறிவிடுகிறது. தானியத்தின் பெயரைவிட, அதை எவ்வளவு அரைத்தோம், பருப்பும் காயும் எவ்வளவு சேர்த்தோம் என்பதே சுமையைத் தீர்மானிக்கிறது.

என் தீர்ப்பு இவ்வாறு. தட்டின் கிளைசெமிக் சுமையைக் குறைப்பது பருவுக்குத் துணைச் சிகிச்சையாக ஏற்கத்தக்கது; விளைவு மிதமானது, பன்னிரண்டு வாரமாவது பொறுக்க வேண்டியது, உடல் பருமனோ இன்சுலின் எதிர்ப்போ உள்ளவர்களுக்கு அதிகம் பலன் தரக்கூடியது. தடவும் அடபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற மருந்துகளின் இடத்தை அது எடுக்காது; உணவை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தி, தழும்பு விழவிட்டால் அந்த இழப்பை எந்த உணவும் திருப்பித் தராது. பால் ஐயத்துக்குரியது, குற்றம் நிறுவப்படாதது. வளரும் பிள்ளைக்குத் தினமும் 1000 மில்லிகிராம் அளவில் கால்சியம் தேவை. ஒரு டம்ளர் பாலில் அதில் கால்பங்கு இருக்கிறது. ஒப்பீடு இல்லாத சான்றைக் கொண்டு அதைப் பறிக்க எவருக்கும் உரிமை இல்லை; நிறுத்திப் பார்க்க விரும்புபவர், கேழ்வரகோ மீனோ எள்ளோ பதிலாக வைத்துவிட்டு, குறித்த காலத்துக்கு மட்டும் பார்க்கலாம். சாக்லேட் தீர்க்கப்படாத வழக்கு. ஒவ்வொரு பருவுக்கும் ஒரு உணவைக் குற்றம் சாட்டி, உண்பதையே அச்சமாக மாற்றும் நீண்ட தடைப் பட்டியல்களை முழுமையாகத் தள்ளலாம். ஏற்கெனவே முகத்தைக் கண்டு கூசும் பிள்ளைகளுக்கு அவை உணவுக் கோளாறுகளின் வாசலாகிவிடும் அபாயம் உண்டு.

இத்துறைக்குத் தேவையான அடுத்த ஆய்வு எது என்பதும் இந்த எடைபோடலிலிருந்தே வருகிறது. மெல்பர்ன், சிட்னி, கொரியா மூன்றிலும் தென்னிந்தியத் தட்டு இல்லை. தீட்டிய அரிசிக்கும், சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் உருவாக்கிச் சோதித்த நார்ச்சத்து மிகுந்த வெள்ளை அரிசிக்கும் குறியீட்டில் நல்ல இடைவெளி உண்டு. நிறத்திலும் சமைக்கும் முறையிலும் அவ்வளவு வேறுபாடு இல்லை. எது எந்த அரிசி என்று உண்பவருக்கே தெரியாமல் சோறு போட முடியும். மேற்கத்திய ஆய்வுகளால் இயலாத இரட்டை மறைப்பு இங்கே ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் சாத்தியம். இருநூறு மாணவர்கள், பன்னிரண்டு வாரத்துக்கு மேல், இரு பக்கமும் புரதமும் மொத்த ஆற்றலும் சமம், எடையைக் கூடவோ குறையவோ விடாமல், பருவை எண்ணுபவருக்குக் குழு தெரியாமல். மெல்பர்ன் விட்டுச்சென்ற எடைக் கேள்விக்கும் சிட்னி விட்டுச்சென்ற இடைவெளிக் கேள்விக்கும் ஒரே சோதனையில் பதில் கிடைக்கும்.